எதிர்ச்சாணை

ஊட்டியில் ஜூன் மாதம்
பசை எதையும் பிடித்து வைப்பதில்லை.
காலையில் ஆய்வகம் திறந்தால்
இரண்டு குடுவைகளின் லேபிளும் மேசையில் கிடந்தன
ஒன்றன்மேல் ஒன்று, ஈரமாக,
என் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒட்டிக்கொண்டு.

இரண்டிலும் வெள்ளைத் தூள்.
தராசுக்கு வித்தியாசம் தெரியாது.
நாக்குக்கும் தெரியாது
(வைத்துப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை).
இருபது கார்பன், இருபத்து நான்கு ஹைட்ரஜன்,
இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன்.
ரேஷன் கடையில் தலை எண்ணுவதுபோல் எண்ணினால்
ஒரே குடும்பம்.

ஒன்று குவினைன். மற்றது குவினிடின்.
நடுவட்டத்தில் தேயிலைக்கு நடுவே தப்பி நிற்கிற
சிங்கோனா மரங்களில்
ஜெபராணி உரித்துத் தந்த பட்டையிலிருந்து.
வெளியே சாம்பல், பாசி.
உள்ளே செங்கல்.

ஜெபராணி இடக்கைக்காரி.
கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை,
அதுவும் வலக்கைக்கு.
அவள் பிடித்தால் வெட்டு கிளைக்குள் இறங்காமல்
வழுக்கி வெளியே ஓடும்.
மேஸ்திரி அரை நாள் கூலி பிடித்தார்.
கத்தி நல்ல கத்தி. கையும் நல்ல கை.

அவள் புருஷன் போன வருடம்
கட்டட வேலைக்குப் போன ஊரிலிருந்து
மலேரியாவோடு வந்தான்.
கூடலூர் ஆஸ்பத்திரியில் குவினைன் ஏற்றினார்கள்.
காய்ச்சல் இறங்கியது, காதுக்குள் மணி ஏறியது.
மூன்று நாளும்
"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றே
கேட்டுக்கொண்டு கிடந்தானாம்.

கண்ணாடியும் பிம்பமும் என்று எழுதினால் பொய்.
முழுக்கத் திரும்பவில்லை.
அடுத்தடுத்த இரண்டு மூலைகள் மட்டும்.
எஸ்டேட் லைன் வீடுகள் மாதிரி:
அதே சுவர், அதே அடுப்பு,
ஒரு வீட்டில் மட்டும்
கதவும் ஜன்னலும் எதிர்ப்பக்கம் திறக்கும்.
காகிதத்தில் வரைந்தால்
தடித்த கோடு ஒன்று புள்ளிக் கோடாகிறது,
புள்ளிக் கோடு ஒன்று தடிக்கிறது.
பரீட்சைத் தாளில் அரை மதிப்பெண்.

காய்ச்சல் கிருமிக்கு இரண்டும் விஷம்.
இதயம்தான் ஆள் பார்க்கிறது.
உப்பு போய்வர அதன் சுவரெங்கும்
பொடிப்பொடி வாசல்கள்.
குவினைன் லேசாகத் தட்டிவிட்டுப் போகும்.
குவினிடின் நிலைப்படியில்
தோள் கொடுத்து நிற்கும்.
ஓடுகிற துடிப்பு நிதானிக்கும்.
அளவு மிஞ்சினால்
நிதானமே தடுமாறும்.

ஆகவே ஊகிக்க முடியாது.

திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
சோடியம் விளக்கு பழுக்கப் பத்து நிமிடம்.
முதல் குழாயை வைத்து
போலரிமீட்டரின் துளையில் கண்ணை வைத்தேன்,
மூடுபனியில் எதிரே வருகிற லாரி
எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்ப்பதுபோல.
மஞ்சள் இடப்பக்கம் திரும்பியது.
என் தலையும் கூடவே சாய்ந்திருந்ததைப்
பிறகுதான் கவனித்தேன்.
இரண்டாவது வலப்பக்கம்,
முதலதைவிட நிறைய.

புது லேபிள் எழுதி
இந்த முறை நூலால் கட்டினேன்.

அடுத்த பட்டைக்கு நடுவட்டம் போனபோது
ஜெபராணியிடம் இதைச் சொன்னேன்.
மூலக்கூறு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.
பட்டையைச் சாக்கில் திணித்துக்கொண்டே,
"அப்போ கத்தியைத் திருப்பிச் செஞ்சா?" என்றாள்.

கூடலூர்க் கொல்லர் நாற்பது ரூபாய் கூடக் கேட்டார்.
"எதிர்ச்சாணைங்க. கை பழகல."
செய்தித்தாளில் சுற்றி
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கிளையைச் சீவினாள். சத்தமே இல்லை.
அடுத்த செடி. அதற்கடுத்த செடி.
மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார்,
பிறகு கத்தியைக் கேட்டு வாங்கினார்,
வலக்கையில் ஓங்கினார்.
வழுக்கியது.
இன்னொரு முறை. மறுபடி வழுக்கியது.
கத்தியின் இரண்டு முகத்தையும்
வெயில் வராத வானத்துக்கு நேரே
தூக்கிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல்
அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.